இருட்டிய பின்

"இருட்டிய பின் எதுவும் சாப்பிடக் கூடாது"
என்றார் டாக்டர்.
அது ஜூன். ட்ரோம்சோவில்
நள்ளிரவிலும் வெயில்.
சுலபமாகத் தலையாட்டிவிட்டார் ஹால்வார்.

நவம்பர் கடைசியில் சூரியன் போனது.
இனி ஜனவரியில்தான்.

குளிர்பெட்டியைத் திறந்தால்
ஒரு சின்ன உதயம்,
பழுப்புப் பாலாடைக்கட்டியின் மேல்.

பசியா என்று வயிற்றைக் கேட்டார்.
அது எப்போதோ தூங்கிவிட்டது.
விழித்திருந்தது கைதான்.

கைக்கு உறை மாட்டி
வாசல் பனியை வாரினார்.
போதவில்லை.
பக்கத்து வீட்டு வாசலையும் வாரினார்.

ஜன்னல் திறந்தாள் பெரித்.
"இந்த நேரத்திலா?
உள்ளே வாருங்கள், வாஃபிள் சூடாக இருக்கிறது."

மண்வாரியில் சாய்ந்து
வானத்தை ஒருமுறை பார்த்தார்.
"விடிந்ததும் வருகிறேன்."

அவள் விரல்விட்டு எண்ணினாள்:
ஆறு வாரம்.