ஈரப்பதம்

கண்ணாடியின் இடது கால் முறிந்துவிட்டது.
ஒரு மணி நேரமாகும் என்றார் கடைக்காரர்.
வண்ணார்பேட்டையில், கண்ணாடி இல்லாமல்,
ஒரு மணி நேரத்தை எங்கே கொண்டு வைப்பது?
நகரும் படியில் ஏறினேன்,
எண்ணெய் வாசம் இழுத்த பக்கம்.

மூன்றாவது மாடி முழுக்க வெளிச்சக் குழம்பு.
ஒரு சிவப்பு விளக்கு, அதன் கீழே உயர நாற்காலிகள்.
பலகையில் எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன.
ஒன்று மட்டும் பிடிபட்டது.
"அந்தப் பேராச்சி என்ன விலை?"
"அது என் பேரு, அண்ணாச்சி.
சட்டைல குத்தியிருக்கு."

பக்கத்தில் இரண்டு பையன்கள் சிரிப்பை விழுங்கினார்கள்.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.
அவளே படித்துக் காட்டினாள்:
டெரியாக்கி கோழி, பொரித்த எறால்,
காளான், முட்டை மட்டும்.
"கோழி எடுங்க. எறா இன்னைக்கு நல்லால்ல."

வட்டமாய் ஒரு வில்லை தந்தாள்,
சோறு ஆனதும் அதிருமாம்.
என் மேசையிலும் ஒரு கருவி உண்டு, ஏறக்குறைய இதே கனம்.
நெல்லை உள்ளே கொட்டினால் எண் காட்டும்.
பதினேழைத் தாண்டினால் மூட்டையைத் திருப்ப வேண்டும்.
அது அதிராது.
எதிரே நிற்பவர் அதிர்வார்.

கிண்ணம் வந்தது.
பையன்கள் குச்சிகளைக் கத்தரிக்கோலாய் ஆட்டினார்கள்.
நான் கரண்டி கேட்டேன்.
முதல் வாயில் இனிப்பும் இஞ்சியும் எள்ளும்.
இரண்டாவது வாய் வெறும் சோறு.
அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஒட்டுது பாருலே, ஒரிஜினல் ஜப்பான் அரிசி"
என்றான் நெட்டையன்.

கண் இல்லாவிட்டால் பல் இருக்கிறது.
பதினோரு வருஷம் கொள்முதல் நிலையத்தில்
நெல்லைக் கடித்துத் தேய்ந்த கடைவாய்ப் பல்.
குட்டை. தடிமன். நடுவில் கொஞ்சம் மாவு.
இது அம்பை பதினாறு,
இந்தக் கார் அறுப்பு, ஒரு மாசம்கூட ஆறாதது.
புது அரிசி குழையத்தான் செய்யும்.
வீட்டில் இப்படி வடிந்தால்
சிவகாமி குக்கரைத் திட்டுவாள், பிறகு கடைக்காரனை,
பிறகு, நெல்லோடே கிடந்தும்
நல்ல அரிசி வாங்கத் தெரியாத என்னை.
இங்கே அதே குழைவுக்கு இருநூற்று அறுபது.

மூன்று வாரம் முன்பு
பாப்பாக்குடி பூலுடையார், முப்பத்தாறு மூட்டை.
மீட்டர் பத்தொன்பது காட்டியது.
"காயப்போட எடம் இல்ல சார், ரோட்டுலயும் மழ"
என்றவர், மீட்டரையே இன்னொரு தரம் பார்த்தார்.
மறுநாள் ஒரு லாரி வந்து ஏற்றிப்போனது,
லாரிக்காரன் சொன்ன விலைக்கு.
அதில் ஒரு பிடியா இது? தெரியாது.
அரிசியில் யாரும் பேர் குத்தி அனுப்புவதில்லை.

"அரிசி எங்கேருந்தும்மா வருது?"
"மூட்டைல ஜப்பான்னு போட்டிருக்கும், அண்ணாச்சி.
ஒரு மலகூட வரஞ்சிருக்கு."
"என்ன மல?"
"யாரு கண்டா.
நான் பொதிகைன்னுல்லா நெனச்சேன்."

நெட்டையன் இன்னும் அரிசியைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.
சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்தது.
"கூடச் சோறு வேணுமா? நாப்பது ரூவா."
"போடு."

கரண்டிக்கு வராததை விரலால் வழித்தேன்.
கை கழுவுமிடத்தில் நீள வரிசை,
கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

கண்ணாடி தயாராக இருந்தது.
மாட்டியதும் கடைக்காரர் தெளிவானார்,
அவர் மீசையின் நரை, சுவரில் விலைப்பட்டியல் எல்லாம்.
இடது ஓரத்தில் மட்டும் வெள்ளையாய் ஏதோ,
பெரிதாய், கலங்கி.
என் விரலிலிருந்து போன பருக்கை.

இவ்வளவு கிட்டத்தில்
என்ன ரகமென்று சொல்ல முடியவில்லை.
துடைத்தேன்.
பரவியது.