கீராத்

மத்ரா சூக்கின் மூன்றாவது சந்து.
காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை,
மாலை நாலரையிலிருந்து பத்து வரை
என் வாய் சொல்வது ஒரே சொல்.
இருபத்தொரு கீராத், அம்மா.
இருபத்திரண்டு கீராத், வாருங்கள்.
பன்னிரண்டு வருஷமாய்
நாக்கில் உரசித் தேய்ந்த சொல்.
எங்கே பிறந்தாய் என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

விசா வந்த அன்று ஜுலைஹா
பெட்டியில் முதலில் வைத்தது எலுமிச்சை ஊறுகாய்.
சைப்ரஸில் தெருவெல்லாம் எலுமிச்சை என்றேன்.
"காய்க்கட்டும்" என்றாள்.

லார்னகா ஏரிக்கரையில்
பூநாரைகள் அறிவிப்புப் பலகையில் மட்டும் நின்றன.
செப்டம்பர். தண்ணீர் போய்
வெள்ளைத் தரை பாளம் பாளமாய் வெடித்திருந்தது.
"இதைப் பார்க்கவா இவ்வளவு ரியால்?
ஆறுமுகனேரி உப்பளத்துக்கு
டவுன்பஸ் போகுமே."
நான் பதில் சொல்லவில்லை.
அக்கரையில் பேரீச்சைகளுக்கு நடுவே
உம்மு ஹராம் அடங்கிய இடத்தின் குவிமாடம் தெரிந்ததும்
அவளே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
கடல் கடந்து வந்த ஒரு பெண்,
கோவேறு கழுதையிலிருந்து விழுந்து
இங்கேயே தங்கிவிட்டவள் என்கிறார்கள்.
ஜுலைஹா வெகுநேரம் துவா கேட்டாள்.
அதன்பிறகு உப்பளப் பேச்சே இல்லை.

பாஃபோஸில் தரையைப் பார்க்க
மரப்பாலம் போட்டிருக்கிறார்கள்.
நகக்கண் அளவு கற்களால்
திராட்சை பறிக்கும் ஆட்கள், ஒரு நாய், ஒரு மயில்.
எல்லோரும் மயிலைப் படமெடுத்தார்கள்.
கல் பதித்துப் பிழைத்தவன் கண்
பெயர்ந்துபோன கல்லிடம்தான் போகும்.
எவன் கை அவசரப்பட்டதோ,
எந்த மாலை கூலி குறைந்ததோ.

மலையேறும் வழியில்
அந்த்ரூலா என்பவரின் வீட்டில் இரண்டு ராத்திரி.
காலையில் தடதடவென்று சத்தம்.
அவர் கணவர் நீண்ட கழியால்
ஒரு மரத்தை அடித்துக்கொண்டிருந்தார்.
கீழே விரித்த வலையில்
கறுத்த காய்கள், முற்றிய புளியம்பழம் போல.
கடித்தால் புளிக்கவில்லை,
வெல்லமும் தூசியும் கலந்த இனிப்பு.
கரோப் என்றார். ஒன்றை ஒடித்து
என் உள்ளங்கையில் விதைகளை உதிர்த்தார்.
அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
பாதிப் பாதி நொண்டி வந்து சந்தித்தன:
அந்தக் காலத் தட்டான் தராசில்
இதைத்தான் வைப்பானாம். பழைய பேர் கெராதியோன்.
கெராதியோன். கீராத்.

வாங்கிய சம்பளத்தையெல்லாம் எண்ணித் தந்த சொல்
இந்த மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது,
எறும்பு ஊர.
எங்கள் ஊரில் குன்றிமணி என்றேன்.
சிவப்பு, கறுப்புக் கண் என்று
விரலால் காட்டினேன்.
அவருக்குப் புரியவில்லை. தலையாட்டினார்.

திரும்பி வந்த மறுநாள்
ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துக்கொண்டு
மின்தராசில் ஒவ்வொன்றாய் நிறுத்தேன்.
0.18
0.22
0.17
0.20
0.24
ஒன்றைப்போல் ஒன்று இல்லை!
இதை நம்பியா தங்கம் கைமாறியது?
பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருப்பார்கள்.
அல்லது பொறுக்காமலே
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
போகட்டும் என்று விட்டிருப்பார்கள்.

பத்தரைக்கு நிஸ்வாவிலிருந்து ஓர் அம்மாள்,
மகள் கல்யாணத்துக்குச் சங்கிலி.
சங்கிலி வைக்குமுன்பே தராசு
0.19 என்றது.
அவர் புருவம் உயர்ந்தது.
தட்டின் விளிம்போரம் ஒட்டிக்கிடந்த விதையை
நான் விரல்நுனியில் எடுத்தேன்.
"என்ன அது?"
"கீராத்."
"அது தெரியும்" என்று சிரித்துக்கொண்டே
கையை நீட்டினார்.
"இது என்ன?"