மறுகா

முதல் தரம் விளக்கு எரிந்தது
கல்லடிப் பாலத்தின் நடுவில்.
செம்மஞ்சள். ஒரு சிறு பெட்டி, உள்ளே புள்ளிகள்.
எஞ்சின் தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டு
முப்பதுக்கு மேல் போகமாட்டேன் என்றது.
பின்னால் ஐஸ் லொறி, அதன் பின்னால் ஓட்டோக்கள், ஹோர்ன்.
பழைய பாலத்தில் தூண்டில் போட்டிருந்தவர்கள்
தலை திருப்பிப் பார்த்தார்கள்,
பிறகு தங்கள் நரம்பைப் பார்த்தார்கள்.

முகவர் நிலையத்தில் துஜீவன் கணினியைச் செருகினான்.
சென்சர் என்றான். பதினெட்டாயிரத்து நானூறு.
இரண்டாம் தரம் இன்ஜெக்டர்;
சாமான் வொரண்டியில், கூலி என்னில்.
மூன்றாம் தரம் ஏதோ வால்வு, கொழும்பிலிருந்து வரவேணும்,
"மறுகா எடுத்துச் சொல்றன் மிஸ்."

மறுகா என்பது எங்கள் ஊரில் நேரமல்ல.
பின்னேரமும் மறுகா, தைப்பொங்கலும் மறுகா.
பத்தொன்பது நாள் அவர்களின் தகரக் கூரையின் கீழ்
கார் புழுதி குடித்தது.
லீசிங்காரன் மட்டும் ஒரு மாதமும் மறுகா என்றதில்லை.

நாலாம் தரம்,
"வீட்டுல வேற ஆரும் ஓடுறாங்களா?"
"நான்தான்."
"சேர் ஆரும்..."
"சேர் இல்லை. நான்தான்."
அவன் காகிதத்தில் எதையோ எழுதினான்,
எழுதியதைக் கையால் மறைத்தான்.

ஐந்தாம் தரம் கொழும்பிலிருந்தே ஒருவர் வந்தார்.
பொனட்டைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டார்:
ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டம்?
வீடு, கபிஷாவின் பள்ளி, ஆஸ்பத்திரி,
மத்தியானம் மறுபடி பள்ளி, ரியூசன்,
வார்டு, சந்தை, ரியூசன், வீடு.
எட்டுத் தரம் ஸ்டார்ட். பதினாலு கிலோமீற்றர்.
ஆஸ்பத்திரியில் நான் விழுந்தவர்களை நடக்கவைப்பவள்:
கட்டிலிலிருந்து சுவர்வரை, சுவரிலிருந்து கட்டில்வரை.
அதைச் சொல்லவில்லை.

"பழுது இல்ல மிஸ். கரி சேருது.
எஞ்சின் சுடுறதுக்குள்ள நீங்க நிப்பாட்டிர்றீங்க.
ஒரே வேகத்துல, இருபது நிமிசம், நிக்காம ஓடணும்.
கிழமைக்கு ஒருக்கா."
"எங்க?"
"எங்கயாவது."

ஞாயிறு, வாழைச்சேனை தாண்டி, புணாணை வீதி.
நாலாம் கியர். முள் இரண்டாயிரத்து ஐந்நூறில்.
பதினாறாம் நிமிடம் எருமைகள்.
ஒன்று நடுவீதியில் நின்று
மூத்திரம் பெய்து முடிக்கும்வரை
மற்றவையும் காத்திருந்தன, நானும்.
விளக்கு அப்படியே எரிந்தது.
அடுத்த ஞாயிறு ரயில் கடவை பூட்டிக் கிடந்தது;
ரயிலைத்தான் காணவில்லை.
மூன்றாம் ஞாயிறு வீதி வழி விட்டது.
மின்வேலி, பற்றைக்காடு, ஆளில்லாத காவலரண்,
மறுபடி மின்வேலி.
அடியில் விசிறி இரைந்தது.
சோளப்பொத்தி தீய்ந்த மணம்.
அணைந்தது.

நான் நிறுத்தவில்லை.
வெலிக்கந்தை வரை போனேன்.
வெலிக்கந்தையில் எனக்கு ஒரு அலுவலும் இல்லை.
பிளேன்டீ குடித்தேன்.
எங்கே போறீங்க என்று கடைக்காரி சிங்களத்தில் கேட்டாள்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
"காருக்குச் சுகமில்லை" என்றேன்.
அவள் கொஞ்சம் கூடச் சீனி போட்டாள்.

பில் வந்தது.
காரணம் என்ற கட்டத்துக்குள்:
வாடிக்கையாளரின் ஓட்டும் முறை. வொரண்டியில் அடங்காது.
ஒப்பம் வைக்கச் சொன்னான் துஜீவன்.
'முறை'யை வெட்டினேன், மேலே 'தூரம்' என்று எழ்தினேன் என்று
அவசரத்தில் எழுத்துப் பிழைகூட விட்டு
ஒப்பம் வைத்தேன்.
"இப்பிடி எழுத ஏலாது மிஸ்."
"மறுகா பார்ப்பம்."

இப்பவும் பத்து, பதினொரு நாளைக்கு ஒருக்கா வருகிறது.
"அம்மா, லைட்!" என்று கபிஷா கத்துவாள்,
பாலத்தில்தான் அநேகமாக.
தூண்டில்காரர் இப்போது திரும்புவதில்லை.

இந்தக் கிழமை இன்னும் எரியவில்லை.
சனி பின்னேரம் ஆகிவிட்டது.
சந்தைக்கென்று சொல்லி
இரண்டு தரம் போய்வந்துவிட்டேன்.