தொண்ணூற்றேழு புள்ளி மூன்று

எண் மாறாது. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.
சுப்பீரியர் ஏரியைப் பார்த்த குன்றில் ஒரு கோபுரம்,
உச்சியில் சிவப்பு விளக்கு, அடியில் தகரக் கொட்டகை,
அதற்குள் நான்: ஓர்வில் ஹாப்பலா,
ஒப்பந்தப் பொறியாளன், மாதம் நான்கு நாள்.
கீழே யார் எந்தப் பெயரில் பேசினாலும்
மேலே போவது அதே அலை.
மொந்தை ஒன்றுதான்; கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

நான் வந்தபோது போல்கா.
ஞாயிறு காலை அக்கார்டியன், பிறகு
ஓட்ஸ் விலை, மர விலை, இறந்தவர்கள் பெயர்.
அப்புறம் கண்ட்ரி, லாடம் போட்ட சின்னத்தோடு.
அப்புறம் ‘கழுகு’: ஊரில் ஒருவரும் கேட்காத
கிட்டார் அலறல், ஊரில் எல்லோரும் வாங்கிய பனியன்.
அப்புறம் ‘தென்றல்’.
பல் பிடுங்கக் காத்திருப்பவர்களுக்கென்றே
பிறந்த பாட்டுகள்.
டூயன் லாக்சோவின் பிக்கப்பில்
ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர்.
துருப்பிடித்த பம்பரை இப்போது
தாங்கி நிற்பதே அவைதான் என்பான்.

மெர்ல் ட்ரெகியர் எல்லாவற்றிலும் இருந்தான்.
போல்காவுக்கு மெர்ல் அண்ணன்,
கழுகுக்கு ‘வெறிநாய்’,
தென்றல் வந்ததும் தொண்டையை வெண்ணெயில் தோய்த்து
‘மெர்லின்’.
எந்தப் பெயரிலும்
காலை ஏழு பத்துக்கு ஒன்றைச் சொல்வான்:
வளைகுடாவில் இன்று ஐஸ் எத்தனை அங்குலம்.
படகுத்துறையில் தானே துளையிட்டு
கோல் விட்டு அளந்துவிட்டுத்தான் வருவான்.
மைக்குக்குப் பக்கத்தில் கையுறை சொட்டிக்கொண்டிருக்கும்.
அதற்காக என்னிடம் திட்டு வாங்குவான்.

ஜனவரியில் டென்வரிலிருந்து மின்னஞ்சல்.
மெர்லுக்கு ஓர் அட்டைப்பெட்டி.
காப்பிக் கோப்பை நான்கு எடுத்துப்போனான்,
நான்கிலும் வேறு வேறு நிலையம்.

புதியது தொடங்கும்வரை
ஊரைத் தவிக்கவிட வேண்டுமாம்.
கடிகாரச் சத்தம் ஒன்றை அனுப்பினார்கள்.
டிக். டிக்.
நாற்பது மணி நேரம், வேறெதுவும் கிடையாது.

அணைப்பார்கள் என்று நினைத்தேன்.
பனி வழிக்கும் லாரிக்காரன் இரவெல்லாம் கேட்டான்.
மதுக்கடையில் பந்தயம் கட்டினார்கள்:
ராப் வருமா, பிரசங்கம் வருமா.
முதியோர் விடுதி நர்ஸ் சில்வி
அதை வைத்தே நாடி பார்த்தாளாம்,
வினாடிக்கு வினாடி சரியாக இருந்ததாம்.
இத்தனை வருடத்தில் இந்த நிலையம்
ஒரே ஒரு முறை பொய் சொல்லாமல் இருந்தது.

வெள்ளி நண்பகல்.
“ஹேய்! நான் கஸ்!”
இனி நிலையமே ஓர் ஆள்.
பெயர் கஸ், வயது தெரியாது, சளி பிடிப்பதில்லை,
எங்கோ ஒரு கணினியில் குடியிருப்பு.
கூசிலா என்ற எங்கள் ஊரை
குசில்லா என்றான், மணிக்கு நான்கு தடவை,
நேற்றுவரை இங்கேயே மீன் பிடித்தவன் மாதிரி.

கார்த் திரையில் பெயர் மாற்ற நான்தான் போனேன்.
காலி அறை. தொலைபேசி விளக்கு மினுங்கியது.
“மெர்ல் இருக்கானா? ஐஸ் எவ்வளவு?”
டூயன்.
தெரியாது என்றேன்.
அவன் வைக்கவில்லை.
அவன் வண்டிக்குள் கஸ் சிரிப்பது
என் காதில் கேட்டது.

திங்கள் விடியுமுன் துளைக்கருவியோடு துறைக்குப் போனேன்.
துளை ஏற்கெனவே இருந்தது.
விளிம்பில் புதுப் பொடி, பக்கத்தில் மெர்ல்,
வேலை இல்லாதவன், கோலைத் துடைத்தபடி.
“பதினொன்று” என்றான்.
அண்ணன் குரல் இல்லை, நாய்க்குரல் இல்லை,
வெண்ணெய் இல்லை.
இப்படி ஒரு குரல் அவனுக்கு இருப்பதே
இருபத்தாறு வருடத்தில் எனக்குத் தெரியாது.

கார்த் திரையில் எட்டு எழுத்துக்கு இடம்.
கஸ்ஸுக்கு மூன்று போதும்.
ஏழு பத்துக்கு, ஓர் இடம் விட்டு,
பதினொன்று என்று தட்டினேன்.
டென்வரில் எவன் பார்க்கப்போகிறான்.
குன்றிலிருந்து பார்த்தால்
துறைப்பாதையில் ஒரு பிக்கப்
கொஞ்சம் நின்று,
பிறகு ஐஸ்மேல் இறங்கியது.