குழுவினர்

ஹட்டன் ஞாயிற்றுச் சந்தையில்
கருவாட்டுக்கும் பழைய சப்பாத்துக்கும் நடுவே
உரச்சாக்கின் மேல் பதினொரு இசைத்தட்டுகள்.
"சுடுதண்ணியில போட்டா பூச்சட்டி மாதிரி வளையும் மிஸ்,
அதுக்குத்தான் வாங்குறாங்க" என்றான் பையன்.
மூன்றை மட்டும் வளையாமல் எடுத்து வந்தேன்.

முதலாவது, டெஸ்மன் கனகேந்திரம்.
முன்பக்கம் ஊருக்கே தெரியும்,
சுற்றுலா பஸ்ஸில் கைதட்டியே நாசமாக்கிவிட்டார்கள்.
நான் சொல்வது மறுபக்கம்.
சாவியைத் தொலைத்தவன்
அயலார் எழும்பாமல் கதவைத் தட்டுவது போன்ற குரல்.
இரண்டாம் சரணத்தில் அவருக்குக் கீழே
ஒருத்தி வருகிறாள்.
சொல் இல்லை. வெறும் 'ம்'.
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று படித்தோம்.
இவள் பதினாறு எண்ணும்வரை வைத்திருக்கிறாள்.

இரண்டாவது, ரோஸ்மலர் அந்தோனிப்பிள்ளை.
பஸ்ஸில் குடையை மறந்தவளின் பாட்டு.
சோகப் பாட்டென்று ஒதுக்கிவிட்டார்கள்.
குடை தொலைந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்,
அதை யாரும் கேட்கவில்லை.
முடிகிற இடத்தில் அதே 'ம்'.
அதற்கு முன் நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும் சத்தம்,
நனைந்த தீக்குச்சியை உரசினால் வருமே, அது.

மூன்றாவதைப் போடப் பயமாயிருந்தது.
சோற்றை வடித்தேன். கொடியில் கிடந்ததை மடித்தேன்.
ஊசி துள்ளாமலிருக்க
கையில் ஒட்டிய இருபத்தைந்து சதத்தைச் சரிபார்த்தேன்.
கம்பளை நிஸ்தார்.
இருந்தாள்.

மூவருக்கும் ஆகாதாம்,
ஒரே மேடையில் நிற்கமாட்டார்களாம்.
ஆனால் மூவரும் ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார்கள்,
நெரிசல் பஸ்ஸில்
ஜன்னலோரம் போகிறவளுக்குக் காலை மடக்குவது போல.

பண்டாரவளை தங்கேஸ்வரனுக்குப் போன் எடுத்தேன்.
முப்பது வருடம் ரேடியோ திருத்தியவன்.
"எக்கோ மெஷின்" என்றான்.
"எக்கோவுக்குத் தடிமல் பிடிக்குமா?
மூன்றாவது தட்டில் அவளுக்கு மூக்கடைப்பு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"திரும்பப் போடு" என்றான்.
ரிசீவரை ஸ்பீக்கரிடம் பிடித்தேன்.
கை கடுத்தது.

உறையில் எழுபத்து நான்கு.
அந்த வருடம் தலைமன்னார் ரயிலில்
ட்ரங்குப் பெட்டியோடு போனவர்களில் இவளும் ஒருத்தி என்று
கதை கட்ட எனக்கும் ஆசைதான்.
தெரியாது.
பதுளையில் தையல் மெஷின் போட்டிருக்கலாம்,
பாட்டே வெறுத்திருக்கலாம்.
பேசிய காசை முழுதாய்க் கொடுத்தார்களா
என்பதுதான் என் கவலை.

மூன்று தட்டிலும் ஒரே அச்சு: 'குழுவினருடன்'.
ஒருத்தியைப் போய்க் குழு என்பதா?
அழிக்க பிளேடு எடுத்தேன்.
நடுவில் அந்த 'ர்' நின்றது.
வந்தார் என்றால் ஒருவரா பலரா,
எண்ணிக்கையா மரியாதையா,
நம் எழுத்து சொல்வதில்லை.
பிளேடை வைத்துவிட்டேன்.

அன்றிரவு மழைக்குக் கரண்ட் போனது.
நிஸ்தார் பாதிச் சொல்லில் கனத்து,
அவளும் கூடவே இறங்கி,
ஆண்குரலாகி, உறுமலாகி, நின்றாள்.
மெழுகுதிரி தேடவில்லை.
தகரத்தில் மழை.
கடைசி மஸ்கெலியா பஸ் கியர் மாற்றி மேடேறியது.

கரண்ட் வந்ததும் தட்டு தானாய்ச் சுற்றியது.
அடித்தொண்டையிலிருந்து
'ம்' எழும்பி எழும்பி
தன் உயரத்துக்கு வந்து நின்றது.
நிஸ்தார் அதற்குப் பிறகுதான் வந்தார்.