மூன்றாவது கேள்வி

சத்துவாச்சாரி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை நிழலில் என் மேசை.
பாரம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
பெயர், தகப்பன் பெயர், ரத்தப் பிரிவு.
பிறகு உடம்பைப் பற்றிய கேள்விகள்.
மூன்றாவது: வலிப்பு உண்டா,
திடீரென்று நினைவு தப்புமா.
யாரையும் கேட்டதில்லை நான்.
இல்லை இல்லை இல்லை என்று
பேனா தானாக இறங்கிவிடும்.
டாக்டர் சான்றிதழ் பக்கத்துக் கடையில்,
டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் பத்து நிமிஷம் போனால்
ஊர் ஊராக நோய்கள் வந்து இறங்கும் ஆசுபத்திரி.
வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள்
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்தபடி
ஆட்டோவுக்குப் பேரம் பேசுவார்கள்.
ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை.
நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏசுபாதம் வந்தார்.
கணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு
விடியக்காலையில் வேன் ஓட்டுகிறவர்.
பத்தொன்பது பெண்கள்.
மூன்றாவது கேள்விக்கு வந்ததும்
விரல் வைத்துத் தடுத்தார்.
"அதுல ஆமான்னு போடும்மா."

"போட்டா வேலை போயிடும்ணே."

"மேல்விஷாரம் தாண்டினது ஞாபகம் இருக்கு.
ராணிப்பேட்டையில பிரேக் போட்டதும் ஞாபகம் இருக்கு.
நடுவுல பாலாத்துப் பாலம் எங்க போச்சு?"
சிரிக்கப் பார்த்தார்.
"பின்னாடி பொண்ணுங்க தூங்கிட்டு வந்துச்சுங்க."

ஆறு மாசம் வண்டியைத் தொடாதே என்றாராம் டாக்டர்.
சீட்டில் எழுதியும் கொடுத்தாராம்.
அந்தச் சீட்டு அவர் சட்டைப்பையில்தான் இருந்தது,
வேன் சாவியோடு.

ஆம் என்று எழுதினேன்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை.
'ம்' கொஞ்சம் கோணிவிட்டது.

அரைமணியில் திரும்பி வந்தார்.
கவுன்டரில் வாங்கவில்லை.
ஆம் என்று போட்டால்
கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லையாம்.
"வேற பாரத்துல இல்லைன்னு எழுதிட்டு வாங்க.
எதுக்குப் பெரியவரே வம்பு?"

இன்னொரு பாரத்தை எடுத்து நீட்டினேன்.
இதைச் சொல்லத்தான் வேண்டும்: நீட்டினேன்.
அவர் வாங்கவில்லை.
லைசென்சை என் மேசைமேல் வைத்தார்.
"நீயே வச்சிரு. எங்கிட்ட இருந்தா ஓட்டிடுவேன்."
பாகாயம் போகிற பஸ்ஸில் ஏறி
கடைசி சீட்டில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை நாலு பெண்கள் வந்தார்கள்.
எங்க வேனை நிறுத்தினவ நீதானே?
இரண்டு நாள் கேட்டில் லேட், அரைநாள் சம்பளம் போச்சு.
புதுசாக வந்த பையன்
மடியில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான்.
உடம்பில் ஒரு குறையும் இல்லை அவனுக்கு.

பாலத்தைப் பற்றிச் சொன்னேன்.
குணவதி என்பவள் முந்தானையைத்
திருகிக்கொண்டே நின்றாள்.
"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."
"சொல்லியிருந்தா?" என்றாள் சபீரா.
"ஏறித்தான் இருப்போம்.
அஞ்சரைக்கு வேற வண்டி ஏது?"

எனக்குச் சர்க்கரை.
ஊசி போட்டுச் சாப்பிடத் தாமதமானால்
கண்ணோரத்தில் வெள்ளையாக ஏதோ உருகும்.
காட்பாடி மேம்பாலத்தில் ஒருமுறை
ஸ்கூட்டியை ஓரங்கட்டிக்
கடலைமிட்டாயை உறையோடு கடித்தேன்.
என் பாரத்தையும் நானேதான் எழுதினேன்.

இப்போதெல்லாம் மூன்றாவது கேள்வியை
வாய்விட்டுக் கேட்கிறேன்.
சிரிக்கிறார்கள்.
ஒருவன் எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.
அங்கே முப்பது ரூபாய்.
நேற்று ஒருத்தர்,
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்,
உடனே பதில் சொல்லவில்லை.
ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"நீ என்ன எழுதுவே வழக்கமா?" என்றார்.

ஏசுபாதத்தின் லைசென்ஸ் என் டிராயரில் இருக்கிறது.
அதன்படி
இன்னும் பதினேழு நாளைக்கு
அவர் வண்டி ஓட்டலாம்.