ஒரு சாண்

கம்பெனி வண்டி இறக்கிவிட்டுப் போனது
மூவாயிரத்து இருநூறு குஞ்சு.
பெட்டிக்கு நூறு,
சாவுக்குக் கணக்காய் மேலும் இரண்டு.

ஜவளகிரியில் மார்கழி.
அறுத்துப்போட்ட கேழ்வரகுத் தாளில்
வெயில் ஏறும்வரை பனி நிற்கும்.
உமி பரப்பி, பழைய பேப்பர் விரித்து,
கேஸ் ஹீட்டர் இரண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டோம்,
என் இடுப்பு உயரத்துக்கு.

கையெழுத்து வாங்க வந்த சூப்பர்வைசர்,
பாலக்கோட்டுப் பையன்,
பைக்கை அணைக்காமலே சொன்னான்:
"படுதாவுக்கு மேல ஒரு சாண் விடுங்க.
குஞ்சுக்கு மட்டுமில்ல, தீயுக்கும் மூச்சு வேணும்."
ருத்ரப்பன் சிரித்தார்.
"சிலிண்டர் காசு உங்க கம்பெனியா குடுக்குது?"

அவன் போனதும் சணலும் கோணி ஊசியும் எடுத்து
உரச்சாக்குப் படுதாவைக் கூரைவரை தைத்தார்,
விரல் நுழையாமல்.
நானும்தான் நூல் பிடித்தேன்.

மூன்றாம் ராத்திரி
காட்டிலிருந்து யானை இறங்கியிருப்பதாகச் செய்தி.
கேழ்வரகுப் போருக்குக் காவல் போனார்
டார்ச்சும் வெடியுமாய்.
"வெளிய வராத, கெம்பம்மா."
கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.
உள்ளே இருந்தால் பயமில்லை என்று
இரண்டு பேருமே நினைத்தோம்.

குஞ்சுகள் சொல்லிவிடும், எனக்குத் தெரியும்.
குளிர் என்றால் ஹீட்டருக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.
சூடு என்றால் தகட்டோரம் ஓடும்.
சரியாயிருந்தால் கொட்டின கடலையாய்ப் பரவிக்கிடந்து
ஓயாமல் கீச்சிடும்,
தகரத்தில் மழை விழுகிறமாதிரி.

அன்றைக்கு மழை நின்றுபோனது.

கோணிமேல் சாய்ந்திருந்தவள்
சத்தம் இல்லாததால்தான் விழித்தேன்.
நெற்றிக்குள் உலக்கை இடித்தது.
கேஸ் கசிகிறதோ என்று மோந்துபார்த்தேன்.
உமி வாசம், எச்ச வாசம். வேறொன்றுமில்லை.
தீ மட்டும் நீலத்தை விட்டு
மஞ்சளாய், சோம்பலாய்
நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.
குஞ்சுகள் பரவித்தான் கிடந்தன,
நகைக்கடை விளம்பரத்தின்மேல்
கன்னத்தைச் சாய்த்து.

எழுந்தேன். முழங்கால் யாருடையதோ.
கதவு பத்தடி தூரம்.
வெளியே எங்கோ வெடி போட்டார்கள்,
தகர டப்பா தட்டினார்கள்.
யானைக்குத் தடம் உண்டு, பிளிறல் உண்டு,
அது வருகிறதென்று ஊரே கத்தும்.
இதற்கு யார் டப்பா தட்டுவது?

தூணில் செருகியிருந்த கருக்கரிவாள்
கைக்கு வந்தது.
ஒரு தையல், இன்னொரு தையல்,
எத்தனை என்று நினைவில்லை.
படுதா தொப்பென்று மடிந்து விழுந்தது.
முகத்தில் அறைந்தது பனி,
கூடவே பக்கத்துக் கொல்லை அவரைப்பூ வாசம்.
கதவுக்குத் தவழ்ந்து போய்
வெளியே குந்தி வாந்தியெடுத்தேன்.
யானை வந்தால் வரட்டும்.

முதுகுக்குப் பின்னால் ஒன்று கீச்சென்றது.
அதன் பக்கத்தில் இன்னொன்று.

தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில்
மூக்கில் மாஸ்க் மாட்டிக் கிடத்தினார்கள்.
"மூடின எடத்துல என்னம்மா எரிச்சீங்க?" என்றாள் நர்ஸ்.
நான் ருத்ரப்பனைப் பார்த்தேன்.
அவர் என் செருப்பைப் பார்த்தார்.

செத்தது அறுபத்து மூன்று.
குழி அவர்தான் வெட்டினார், பேசாமல்.
போரைத் தொடாமலே யானை
வேறு கொல்லைக்குப் போய்விட்டதாம்.

இப்போது படுதா கயிற்றில் ஏறி இறங்குகிறது.
சிலிண்டர் ஒருநாள் முன்னதாகத் தீர்கிறது.
முதல் வாரம் மகளைத் தூக்கிப்பிடித்து
அவள் கையால் சாண் அளக்கப் பார்த்தார்,
ஐந்து வயதுக் கை.
நான் அரிவாளைத் தேடினேன்.

அவர் கை பெரிய கை,
மண்வெட்டி பிடித்து அகன்ற கை.
பொழுது சாய்ந்ததும்
அதைத்தான் விரிக்கச் சொல்கிறேன்.